ஆற்று பாக்டீரியாக் கூட்டத்தை ஆராய்வது எப்படி: கேள்வியில் தொடங்கி தரவேற்றம் வரை

ஆற்றில் பத்து இடத்தில் தண்ணீர் எடுப்போம், 16எஸ் சீக்வென்சிங்குக்கு (பாக்டீரியாவின் 16எஸ் மரபணுவைப் படித்து எவையெவை இருக்கின்றன என்று பார்க்கும் முறை) அனுப்புவோம், வருவதை அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று தொடங்குபவர்கள் ஏராளம். ஃபைல் வந்துவிடும், கலர் கலராகப் படமும் வந்துவிடும், அதை வைத்து என்ன சொல்வது என்றுதான் தெரியாமல் நிற்பார்கள். பெரும்பாலும் தவறு ஆற்றுக்குப் போவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும். அதனால் இங்கே ஆய்வகத்துக்கு வெளியே நடக்கும் வேலைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்குத் தாமிரபரணியை வைத்துக்கொள்வோம். பொதிகை மலையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டரில் புன்னைக்காயலில் கடலுக்குப் போய்விடுகிறது. அதற்குள்ளேயே அணை, எட்டு அணைக்கட்டு, துணையாறுகள், திருநெல்வேலி மாதிரி ஒரு நகரம் என்று எல்லாம் வந்துவிடுகிறது.

1. முதலில் கேள்வியை எழுதுங்கள்

ஆற்றுத் தண்ணீரில் கிடைக்கிற பாக்டீரியா எல்லாமே ஆற்றில் வாழ்பவை என்று நினைத்துவிட வேண்டாம். மழை அடித்துக்கொண்டு வந்த மண்ணிலிருந்து, வயலிலிருந்து, சாக்கடையிலிருந்து, மாட்டுச் சாணத்திலிருந்து வந்து சும்மா மிதந்து போய்க்கொண்டிருப்பவையும் அதில் நிறைய.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். தண்ணீர் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடினால் மணிக்கு 1.8 கிலோமீட்டர், ஒரு நாளைக்கு 43 கிலோமீட்டர். அந்த வேகம் முழுக்க நீடித்தால் மலையிலிருந்து கடலுக்கு மூன்றே நாள். நன்னீர் பாக்டீரியா பலவற்றுக்கு ஒருமுறை இரட்டிப்பாகவே பல மணி நேரம், சிலவற்றுக்கு நாள் கணக்கு ஆகிறது. அதாவது வேகமாக ஓடும் நாளில் எடுத்த மாதிரி, எங்கிருந்து எது வந்து கலந்தது என்பதைத்தான் அதிகம் காட்டும். அணைக்கட்டுக்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில்தான், அந்தச் சூழலுக்கு எது ஒத்துவருகிறதோ அது பெருக நேரம் கிடைக்கிறது.

ஆகவே உங்கள் கேள்வி "எங்கிருந்து வந்தது" என்பதா, "இங்கே யார் வாழ்கிறார்கள்" என்பதா? முதலாவது என்றால் ஓடும் தண்ணீரை எடுங்கள், கூடவே மண், சாக்கடை, துணையாறு என்று மூலங்களிலிருந்தும் எடுங்கள். மூலத்திலிருந்து மாதிரி இல்லாமல் "இது சாக்கடையிலிருந்து வந்தது" என்று எழுதினால் அது வெறும் ஊகம். இரண்டாவது என்றால் கல்லின் மேலிருக்கும் வழவழப்பையும் அடிவண்டலின் மேல் 2 சென்டிமீட்டரையும் எடுங்கள், ஏனென்றால் அவை ஒரே இடத்தில் இருந்து வாரக்கணக்கில் அந்தத் தண்ணீரை அனுபவித்தவை. ஒரே இடத்துத் தண்ணீரும் கல்லும் வண்டலும் மூன்று வெவ்வேறு கூட்டம். மூன்றையும் கலந்து சராசரி எடுப்பதில் எந்தப் பொருளும் இல்லை.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால் பாட்டிலைத் தொடாதீர்கள்.

2. இடத்தைத் தேர்ந்தெடுப்பது

வரைபடத்தில் சம இடைவெளியில் புள்ளி வைப்பதுதான் புதியவர்கள் முதலில் செய்வது. பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆறு அப்படி மாறுவதில்லை. எங்கே ஏதாவது மாறுகிறதோ அதற்கு மேலும் கீழும் ஜோடியாக வையுங்கள்: அணைக்கட்டுக்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று, சாக்கடை சேருமிடத்துக்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று.

துணையாறு சேரும் இடத்துக்கு மூன்று புள்ளி வேண்டும். சீவலப்பேரியில் சிற்றாறு சேர்கிறது என்றால், சேருவதற்கு முன் தாமிரபரணியில் ஒன்று, சேருவதற்கு முன் சிற்றாற்றில் ஒன்று, இரண்டும் கலந்த பிறகு ஒன்று. இந்த "கலந்த பிறகு" என்பதில்தான் பலர் சறுக்குவார்கள். இரண்டு தண்ணீரும் சேர்ந்த உடனே கலந்துவிடாது, கொஞ்ச தூரம் தனித்தனியாகவே பக்கத்தில் பக்கத்தில் ஓடும், அகலமான ஆற்றில் அந்தக் கொஞ்ச தூரம் கிலோமீட்டர் கணக்கிலும் போகும். கண்டுபிடிக்க மின்கடத்துத்திறன் மீட்டர் போதும். இடது கரை, நடு, வலது கரை மூன்றிலும் பாருங்கள். எண் ஒன்றாக வரும் வரை கீழே நடந்துகொண்டே இருங்கள், ஒன்றானதும் அங்கே எடுங்கள்.

புன்னைக்காயல் பக்கம் தனிக் கதை. உப்பு ஏறியவுடன் கூட்டம் அடியோடு மாறிவிடும், ஓதம் ஏறும்போது ஒன்று இறங்கும்போது ஒன்று என்று வரும். முகத்துவாரத்து மாதிரியை நன்னீர் மாதிரிகளோடு ஒரே படத்தில் போட்டால் உப்பு வேறுபாடு மட்டுமே படம் முழுக்கத் தெரியும், மற்ற எல்லாப் புள்ளியும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். முகத்துவாரம் உங்கள் கேள்வியில் இல்லையென்றால் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேலே பாபநாசத்துக்கு அப்பால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வருகிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போய் மாதிரி எடுக்க முடியாது. விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க மாதங்கள் ஆகலாம் என்று எண்ணியே திட்டமிடுங்கள். மாதிரியையோ அதிலிருந்து எடுத்ததையோ வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளையும் இப்போதே படித்துவிடுங்கள்.

3. நாளைத் தேர்ந்தெடுப்பது

பாபநாசம் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் மூன்றும் நாளிதழில் வருகிறதே, அதை ஒரு மாதம் முன்பிருந்தே குறித்துக்கொண்டு வாருங்கள். வரத்தும் வெளியேற்றமும் கன அடியில் இருக்கும், ஒரு கன அடி என்றால் நொடிக்கு சுமார் 28.3 லிட்டர். பாசனத்துக்குத் திறந்துவிட்ட மறுநாள் எடுத்த மாதிரியையும் அடைத்திருந்த வாரத்தில் எடுத்ததையும் ஒப்பிட்டு "பருவத்தால் மாறியது" என்று எழுதிவிடக் கூடாது. பாதுகாப்புக்கும் இதே விவரம்தான் தேவை: திறப்பு நாளில் பாறையில் இறங்காதீர்கள்.

ஆடி அமாவாசைக்கு பாபநாசம் படித்துறையில் கூடும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவே உங்கள் கேள்வி என்றால் சரி, இல்லையென்றால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். கோடையில் தேங்கிய தண்ணீரில் பாசி பகல் முழுக்க ஒளிச்சேர்க்கை செய்வதால் மதியத்துக்கு மேல் ஆக்சிஜனும் பி.எச்சும் ஏறிவிடும், விடியும் முன் இறங்கிவிடும். ஓரிடத்தில் காலை 7 மணிக்கும் இன்னோரிடத்தில் மாலை 4 மணிக்கும் அளந்தால் நீங்கள் அளந்தது இட வேறுபாடா நேர வேறுபாடா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே நாளில் எல்லா இடமும் முடியாதென்றால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள், அல்லது அடுத்தடுத்த நாட்களில் அதே நேரத்தில் எடுங்கள்.

4. கிளம்பும் முன் வேண்டியவை

கையில் பிடிக்கும் மீட்டர் (வெப்பநிலை, பி.எச், மின்கடத்துத்திறன், கரைந்த ஆக்சிஜன்), முதல் நாள் இரவே அளவுதிருத்தம் செய்தது. ஒரு லிட்டர் பாட்டில்கள். 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள 0.22 மைக்ரான் வடிதாள், பாலிஈதர்சல்ஃபோன் வகை நன்றாக வேகமாக வடியும். 3 மைக்ரான் தாளும் கொஞ்சம். கைப்பம்ப் அல்லது பேட்டரி பம்ப். ஃபோர்செப்ஸ், கிளவுஸ், தெர்மோகோல் பெட்டி, ஐஸ். ஆய்வகத்தில் கிருமிநீக்கிய தண்ணீர் இரண்டு லிட்டர், இது எதற்கென்று ஆறாவது படியில் வரும்.

பாட்டில்களை வீட்டு ப்ளீச்சைப் பத்து மடங்கு நீர்த்த கரைசலில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். ஆட்டோகிளேவ் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உயிரைக் கொல்லும், உடைந்த டி.என்.ஏ அங்கேயே கிடக்கும், உங்கள் பி.சி.ஆர் (டி.என்.ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் முறை) உயிருள்ளதா செத்ததா என்று பார்க்காமல் அதையும் பெருக்கிவிடும்.

லேபிளை முந்தின நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். மார்க்கரில் எழுதியது எத்தனால் பட்டால் அழிந்துவிடும், அதனால் பென்சிலில் எழுதிய ஒரு துண்டுத்தாளைப் பைக்குள்ளேயும் போடுங்கள்.

5. ஆற்றங்கரையில் செய்யும் வரிசை

இடத்துக்கு இடம் போகும்போது சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்குப் போங்கள், அதாவது பாபநாசத்தில் தொடங்கி அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, கொக்கிரகுளம் என்று கீழே வாருங்கள். கழுவியும் போகாமல் கருவியில் ஒட்டியிருப்பது சுத்தமான மாதிரிக்குள் போவதுதான் பெரிய கேடு. ஆனால் ஒரே இடத்துக்குள் நடக்கும்போது இதற்கு நேர்மாறு: கீழ்ப்பக்கத்திலிருந்து இறங்கி, ஓட்டம் வரும் திசையைப் பார்த்து நின்று எடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கால் கிளப்பிய வண்டல்தான் பாட்டிலில் இருக்கும்.

முதலில் தண்ணீர், அப்புறம் மீட்டர், அப்புறம் கல், கடைசியில் வண்டல். வண்டலை முதலில் கிளறிவிட்டால் மற்ற மூன்றும் போச்சு. கரையோரம் தேங்கிய இடத்தில் எடுக்காமல் ஓட்டம் இருக்கும் இடத்தில், மேற்பரப்புக்கு 20–30 சென்டிமீட்டர் கீழே பாட்டிலைத் திறந்து நிரப்புங்கள், மேலே மிதக்கும் படலம் தனிக் கூட்டம். அந்த ஆற்றுத் தண்ணீரிலேயே பாட்டிலை மூன்று முறை அலசிக் கீழ்ப்பக்கம் கொட்டிவிட்டு நான்காவது தடவை நிரப்புங்கள். பாலத்திலிருந்து பக்கெட் இறக்குவதாக இருந்தால் தண்ணீர் வரும் பக்கத்திலிருந்து இறக்குங்கள்.

கல்லுக்கு: ஓட்டத்தில் கிடக்கும் உள்ளங்கை அளவு கல், மேல்பக்கத்தில் 5க்கு 5 சென்டிமீட்டர் சட்டம் வைத்து, கிருமிநீக்கிய புது டூத்பிரஷால் சுரண்டிக் கழுவி எடுங்கள். பரப்பைக் குறிக்காமல் சுரண்டினால் பின்னால் எதையும் ஒப்பிட முடியாது.

இப்போது மறுபடிகள், அதாவது ஒரே இடத்தில் தனித்தனியாக எடுக்கும் மாதிரிகள். ஒரு பக்கெட்டில் அள்ளி மூன்று பாட்டிலில் ஊற்றி "மூன்று மறுபடி" என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஒரே மாதிரிதான், மூன்று தடவை எண்ணப்பட்டது. புள்ளியியல் சோதனை அதை நம்பி உங்களுக்கு அழகான பொய்யைச் சொல்லும். குறுக்கே மூன்று வெவ்வேறு புள்ளியில், சில நிமிடம் விட்டு விட்டு எடுங்கள்.

6. வடிகட்டுவதும் வெற்று மாதிரியும்

முடிந்தால் ஆற்றங்கரையிலேயே வடிகட்டிவிடுங்கள். பாட்டிலில் அடைத்த நிமிடத்திலிருந்து கூட்டம் மாறத் தொடங்குகிறது, வேகமாக வளரும் சில வகைகள் சுவரில் ஒட்டிப் பெருகும், மற்றவை குறையும். முடியாவிட்டால் ஐஸில் வைத்து அன்றைக்கே, ஆறு மணி நேரத்துக்குள் முடிக்கப் பாருங்கள்.

தெளிந்த தண்ணீர் ஒரு லிட்டர் போகும். வடகிழக்குப் பருவமழைக் கலங்கலில் 100 மில்லியிலேயே தாள் அடைத்துக்கொள்ளும். அப்போது அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், செல் உடைந்து டி.என்.ஏ தாளைத் தாண்டிப் போய்விடும். தாளை மாற்றிக்கொள்ளுங்கள், எவ்வளவு வடிந்தது என்று எழுதிவையுங்கள். 3 மைக்ரான் தாளில் முன்வடிப்பு செய்தால் அந்தத் தாளைத் தூக்கி எறியாதீர்கள்! துகளோடு ஒட்டி வாழ்பவை அதில்தான் இருக்கின்றன, தனியாக மிதப்பவை 0.22 தாளில். இரண்டும் வேறு வேறு கூட்டம்.

கொண்டுபோன கிருமிநீக்கிய தண்ணீர் இங்கேதான் உதவும். ஒவ்வொரு நாளும் ஒருமுறையாவது ஆற்றங்கரையிலேயே அதே பாட்டில், அதே பம்ப், அதே தாள் வழியாக அதை வடித்து, மற்ற மாதிரி போலவே கடைசி வரை கொண்டுபோங்கள். இதுதான் வெற்று மாதிரி. உங்கள் கையிலிருந்தும் கருவியிலிருந்தும் என்ன வந்தது என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

தாளை உள்பக்கமாக மடித்துக் குழாயில் போட்டு, பாதுகாப்புக் கரைசல் இருந்தால் ஊற்றி ஐஸில் வையுங்கள், அன்றிரவு மைனஸ் 20, நீண்ட நாளுக்கு மைனஸ் 80. உறைந்து உருகி உறைந்தால் டி.என்.ஏ துண்டு துண்டாகும்.

மீதித் தண்ணீரில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, வழக்கமான கோலிஃபார்ம் (மலக் கலப்புக்கு அடையாளமாகப் பார்க்கும் பாக்டீரியா) எண்ணிக்கை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் குளியல் தர வரம்பு 100 மில்லிக்கு 500 மொத்தக் கோலிஃபார்ம், சீக்வென்சிங் இதற்கு மாற்று ஆகாது. இரண்டு, கொஞ்சம் தண்ணீரை ஃபார்மாலினில் நிலைப்படுத்தி நுண்ணோக்கியில் மொத்தச் செல் எண்ண வையுங்கள். ஏன் என்பது பத்தாவது படியில்.

7. டி.என்.ஏ பிரித்தல்

மணிகளோடு குலுக்கிச் செல்லை உடைக்கும் கிட்டையே வாங்குங்கள், தடித்த செல்சுவர் உள்ளவை வேதிக்கரைசலுக்கு மட்டும் உடையாது. எல்லா மாதிரிக்கும் ஒரே கிட், ஒரே தயாரிப்புத் தொகுதி.

முக்கியமானது வரிசை. பாபநாசத்து மாதிரிகள் திங்கட்கிழமை, நெல்லை மாதிரிகள் செவ்வாய்க்கிழமை என்று செய்தால் இட வேறுபாடும் நாள் வேறுபாடும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும். சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கலந்து செய்யுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் வெறும் தாள் ஒன்றையும் சேர்த்துப் பிரியுங்கள், ஏனென்றால் கிட்டிலேயே பாக்டீரியா டி.என்.ஏ உண்டு. ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம், ஸ்ஃபிங்கோமோனாஸ் எல்லாம் அதில் அடிக்கடி வருபவை.

மண் கலந்த மாதிரியில் மக்கிய பொருளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் பி.சி.ஆரை நிறுத்திவிடும். ஜெல்லில் பேண்ட் வரவில்லை (டி.என்.ஏ பெருகவில்லை) என்றதும் டி.என்.ஏவை இன்னும் அதிகமாகப் போடுவார்கள், தடுப்பானும் கூடவே அதிகமாகும். பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.

8. சீக்வென்சிங் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

16எஸ் மரபணுவின் எந்தப் பகுதி (வி3, வி4 என்று எண்ணிட்டவை), எந்த பிரைமர் (பி.சி.ஆர் அந்தப் பகுதியைப் பிடிக்க உதவும் சிறு டி.என்.ஏ துண்டு)? வி4 பகுதிக்கான பழைய 806 பிரைமர் சார்11 என்ற பாக்டீரியா வகையைச் சரியாகப் பிடிக்காது, அதன் நன்னீர்க் கிளையான எல்.டி12 ஆறுகளில் முக்கியமானது. 2015–16இல் திருத்திய பிரைமர் ஜோடியைக் கேளுங்கள்.

வி3–வி4 என்றால் துண்டு பிரைமர் உட்பட சுமார் 460 காரம் (டி.என்.ஏவின் ஓர் எழுத்து) நீளம். இருபுறமும் 250 படித்தால் 500, மேற்படிவது 40 மட்டுமே. தரம் குறைவு என்று இரண்டு பக்கமும் 220இல் வெட்டினால் 440, ஒன்றையொன்று தொடக்கூட இல்லை, பாதிக்கு மேல் ரீட் (கருவி படித்த துண்டு) காணாமல் போய்விட்டது என்று பதறுவீர்கள். 300 படிக்கும் கருவியைக் கேளுங்கள் அல்லது வி4க்குப் போங்கள்.

எல்லா மாதிரியும் வெற்று மாதிரியும் சீக்வென்சிங் கருவியின் ஒரே ஓட்டத்தில் போகட்டும். கலவை விகிதம் தெரிந்த போலிக் கூட்டம் ஒன்றையும் சேருங்கள். அவர்கள் சுத்தம் செய்து தரும் ஃபைல் வேண்டாம், மூல ஃபாஸ்ட்க்யூ (கருவி படித்தது அப்படியே இருக்கும் ஃபைல்) கேளுங்கள். பி.டி.எஃப் அறிக்கை இலவசமாக வரும், அதைத் திறக்காமலே வைத்திருந்தாலும் நஷ்டமில்லை.

9. கணினியில்

முதலில் பிரைமரை வெட்டுங்கள், அப்புறம் டாடா2 (படித்ததிலுள்ள பிழையைக் களையும் நிரல்), அப்புறம் எந்த வரிசை எந்த பாக்டீரியா என்று பெயரிடல். பிரைமரை விட்டுவைத்தால் அதிலுள்ள மாறும் காரங்களால் போலி வரிசைகள் பிறக்கும், கைமேரா (இரண்டு துண்டு ஒட்டிப் பிறந்த போலி) என்று நல்லவையும் தள்ளப்படும். வெவ்வேறு ஓட்டத்தில் வந்த தரவுக்குப் பிழைக் கணிப்பைத் தனித்தனியே செய்யுங்கள். நோவாசீக் கருவியின் தரவில் தர எண்கள் சில மதிப்புகளுக்குள் சுருக்கப்பட்டிருக்கும், அங்கே டாடா2வின் பிழை வளைவு கோணலாக வரும். வளைவைப் பார்க்காமல் தாண்டாதீர்கள்.

பெயரிட்டதும் குளோரோபிளாஸ்ட், மைட்டோகாண்ட்ரியா வரிசைகளை எடுத்துவிடுங்கள். கல் மாதிரியில் பாசி அதிகம் என்பதால் ரீடில் பெரும்பகுதி இப்படிப் போய்விடக்கூடும், அதற்குத் தயாராக இருங்கள். கிட் அழுக்கைப் பெயரை வைத்து நீக்காதீர்கள். ஸ்ஃபிங்கோமோனாஸ் கிட்டிலும் உண்டு, ஆற்றிலும் உண்மையாகவே உண்டு. வெற்று மாதிரியில் எது அதிகம் தலைகாட்டுகிறது என்று டீகன்டாம் மாதிரி நிரலை வைத்து முடிவெடுங்கள்.

பீட்டாபுரோட்டியோபாக்டீரியா ஒன்றுகூட இல்லையே என்று கேட்டு வருபவர்கள் உண்டு. பெயரிட உதவும் சில்வா தரவுத்தளத்தின் 138ஆம் பதிப்பில் அது காமாபுரோட்டியோபாக்டீரியாவுக்குள் பர்க்கோல்டீரியேல்ஸ் என்ற வரிசையாகிவிட்டது. ஏரி, ஆற்று ஆய்வுகளில் ஏ.சி-1 என்று படித்த பாக்டீரியா குழு அங்கே எச்.ஜி.சி-1 கிளேட் என்ற பெயரில் இருக்கும். 2021இல் தொகுதிப் பெயர்களும் மாறின, புரோட்டியோபாக்டீரியா இப்போது சூடோமொனாடோட்டா. பழைய கட்டுரையோடு ஒப்பிடும்போது இதைக் கவனிக்காவிட்டால் இல்லாத வேறுபாடு முளைக்கும்.

10. படத்தைப் படிப்பது

சதவீதம் ஏமாற்றும். ஒரு மில்லியில் பத்து லட்சம் செல், அதில் எட்டு லட்சம் ஆற்றுவாசிகள், 80 சதவீதம் என்று வையுங்கள். கீழே சாக்கடை இன்னொரு பத்து லட்சத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. இப்போது அதே எட்டு லட்சம் 40 சதவீதம். ஒன்றுகூடச் சாகவில்லை, படத்திலோ பாதியாகக் குறைந்துவிட்டது. நுண்ணோக்கியில் எண்ணச் சொன்னது இதற்குத்தான்.

இன்னொரு பொறி, வகைப்பன்மை அதிகம் என்றால் ஆறு ஆரோக்கியம் என்று எழுதுவது. டான்யூப் ஆற்றின் 2600 கிலோமீட்டர் நீளத்துக்கு எடுத்த மாதிரிகளை வைத்து 2015இல் வந்த ஆய்வில் கீழே போகப் போக வகைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. மேலே சுற்றியுள்ள மண்ணிலிருந்தும் நிலத்தடி நீரிலிருந்தும் வந்து விழுபவை அதிகம், கீழே நன்னீருக்கு ஒத்துவருபவை மிஞ்சுகின்றன என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். சாக்கடை கலந்தாலும் வகை எண்ணிக்கை ஏறும். ஆகவே ஷானன் குறியீட்டை (வகைப்பன்மையைச் சொல்லும் எண்) தர மதிப்பெண்ணாகப் போடாதீர்கள்.

பெர்மனோவாவில் (குழுக்களின் கூட்டம் வேறுபடுகிறதா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) வேறுபாடு முக்கியம் என்று வந்தால், குழுக்களின் சிதறலும் வேறுபடுகிறதா என்று உடனே பாருங்கள், சிதறல் மட்டும் வேறுபட்டாலும் அந்தச் சோதனை முக்கியம் என்று சொல்லிவிடும். இடங்களுக்கு இடையிலான தூரத்தைப் பறவை பறக்கும் நேர்கோட்டில் அளக்காமல் ஆற்றுவழியில் அளங்கள். கீழிடத்தில் இருப்பது மேலிடத்தின் தண்ணீரே என்பதால் இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்ளும் சோதனை எதையும் சந்தேகத்தோடு பயன்படுத்துங்கள்.

வி4 துண்டை வைத்து இனம் வரை போய் "நோய்க்கிருமி கண்டுபிடிப்பு" என்று தலைப்பு வைக்காதீர்கள், பேரினம் வரைதான் அது தாங்கும். 16எஸ்ஸிலிருந்து செயல்பாட்டை ஊகிக்கும் நிரல்களையும் ஆற்றுக்கு நான் பரிந்துரைப்பதில்லை, ஒப்பிட முழு ஜீனோம் இல்லாத வகைகள் இங்கே அதிகம்.

11. தரவை ஏற்றுவது

கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பார்க்கலாம் என்று விடாமல் இப்போதே பொதுத் தரவுக் கிடங்கில் மூல ஃபைலை ஏற்றி, நீங்கள் குறிக்கும் தேதி வரை மூடிவைத்துக்கொள்ளுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, எடுத்த நேரம், ஆழம், வடித்த அளவு, தாள் அளவு, மீட்டர் எண்கள், அன்றைய அணை வெளியேற்றம் எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கட்டும். வெற்று மாதிரிகளையும் சேர்த்தே ஏற்றுங்கள், பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது அதைத்தான். மீதமுள்ள டி.என்.ஏவை இரண்டு குழாயாகப் பிரித்து இரண்டு வெவ்வேறு உறைப்பெட்டியில் வையுங்கள், மின்வெட்டும் ஜெனரேட்டர் கோளாறும் ஒரே நாளில் வந்தால் ஒன்றாவது மிஞ்சும்.